பாதையில் இறக்கியது

குருமண்வெளித் துறை. பாதை இன்னும் அக்கரையில்.
பத்தொன்பது சதவீதத்தில் நிற்கிறது
தரம் மூன்று, மெய்யெழுத்துச் செயலட்டை.

இரவு பதினொரு மணிவரை தேடினேன்.
ஒன்று திறந்தால் முழுக்கப் பெட்டி பெட்டியாய்.
பாமினியில் அடித்த இன்னொன்று
ஆங்கில எழுத்துகளைக் கொட்டிவிட்டு
அரைப்புள்ளிகளோடு முழித்தது.
ஒன்றில் ப-வுக்குப் பனிமனிதன்;
என் வகுப்பில் யாருக்கு அவனைத் தெரியும்?
ஒன்றில் எழுத்து, படம், இடைவெளி எல்லாம் சரி,
குறுக்கே மட்டும் சாம்பல் நிறத்தில்
ஒரு டியூஷன் மாஸ்டரின் முகமும் தொலைபேசி இலக்கமும்.
ஒன்று காசு கேட்டது. டொலரில்.
தனியே இருந்து சிரித்தேன்.

மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு ஈரச்சாக்கு, நான்.
சாக்குக்குள் ஏதோ அசைகிறது.
நான் ஃபோனைப் பார்க்கிறேன்.
நடு வாவியில்தான் சிக்னல் வரும்,
எந்தக் கரைக்கும் சேராத இடத்தில்.
எழுபது. எண்பத்தாறு.
மண்டூர்க் கரை தட்டுமுன் இறங்கிவிட்டது.

இருபத்திரண்டு போட்டோக்கொப்பி, பக்கம் இருபது ரூபா.
மை கொஞ்சம் மங்கல்.
"சின்னப் புள்ளையளுக்குத்தானே டீச்சர்" என்றார் கடைக்காரர்.

ஐந்தாவது படம் நண்டு. கீழே வெறுங்கோடு.
விதுர்ஜன் எழுதவில்லை.
வலயத்துக்கு அனுப்பிய பட்டியலில்
வாசிக்க இயலாதோர் ஆறு பேர், அவன் முதலாவது.
பலகையில் இருப்பதைப் படம்போல் பார்த்துக் கீறுவான்,
வாசி என்றால் சப்பாத்தைப் பார்ப்பான்.
இன்று கையை உயர்த்தினான்.
"டீச்சர், இது நண்டில்ல."
"மறுகா என்ன?"
"எட்டுக் கால்தான் கிடக்கு.
கொடுக்கோட சேத்துப் பத்து வேணும்."

எண்ணினேன். எட்டுத்தான்.
நாலரை நட்சத்திரம், நாலாயிரம் பேர் இறக்கிய தாள்,
ஒருவரும் கால் எண்ணவில்லை.
புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் பார்த்த நானும்.

"அப்ப நீயே போடு."

நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கால் கீறினான்,
மூட்டோடு, நுனி கூராய்.
கை அதோடு நிற்கவில்லை.
அப்படியே வெறுங்கோட்டுக்கு இறங்கி
பலகையைப் பார்க்காமல் எழுதியது:
நன்டு.

சிவப்புப் பேனையைத் திறந்தேன். மூடினேன்.
மணியடிக்க இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது.
கால் குறைந்ததைக் கண்டவனிடம்
மெல்லக் கேட்கலாம்,
இந்த எழுத்துக்குச் சுழி எத்தனை என்று.