மாவுச் சட்டை

காங்கயத்தில், தாராபுரம் ரோட்டுப் பேக்கரியில்
நான் மாஸ்டர்.
விடிய மூணு மணிக்கு மைதா மூட்டை பிரிக்கிற கை.
பப்ஸ், தேங்காய் பன், வெட்டு கேக்,
எதற்கும் படி பிடித்து அளந்ததில்லை.
விரல் சொல்லும்.

பத்து வருஷம்
கடை சாத்தும்போது மிஞ்சினதைப் பொட்டலம் கட்டிப்போவேன்.
கோகிலவாணி தாழ்ப்பாள் எடுப்பதற்குள்
மணம் உள்ளே போயிருக்கும்.
ஓரம் கருகின பன் அவளுக்கு இஷ்டம்.
அதற்காகவே ஒரு தட்டைக் கொஞ்சம் பிந்தி எடுப்பேன்.
முதலாளியிடம் இதைச் சொன்னதில்லை,
அவளிடமும்.

அந்தப் பத்து வருஷமும் அவள் வற்றிக்கொண்டே வந்தாள்.
ரத்தம் கம்மி என்றார்கள்.
பீட்ரூட், முருங்கைக்கீரை, கறுப்பாய்ப் போகவைக்கிற மாத்திரை.
ரெண்டு தரம் மூணாம் மாசமே கலைந்தது.
ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒறம்பரைகள்
ஹார்லிக்ஸும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள்.
ரொட்டி எங்கள் கடையில் வாங்கினது.
நான் சுட்டது.

கோயமுத்தூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
ஒரு தாளில் புல் மாதிரி வரைந்தார்.
குடலுக்குள் இப்படி இருக்கணும்.
பக்கத்தில் மொட்டையாய் ஒரு கோடு கிழித்தார்.
"சித்திரை மாசத்துக் கொறங்காடு" என்றாள் இவள்.
டாக்டருக்கு அது புரியவில்லை.
கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி,
ஒரு பொடிகூட ஆகாது என்றார்.
எத்தனை நாளைக்குங்க?
நாள் கணக்கு இல்லையம்மா.
பிறகு என் பக்கம் திரும்பி,
"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

பஸ்ஸில் பல்லடம் தாண்டுகிற வரைக்கும்
நான் வாய் திறக்கவில்லை.
அவள்தான் ஆரம்பித்தாள்:
"அப்ப கொழுக்கட்டை திங்கலாம்."

இப்போது எங்கள் வீட்டில் பெருங்காய டப்பா கிடையாது.
அதற்குள்ளும் மைதா இருக்கிறதென்று
பொடி எழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
அவள்தான் படித்தாள்.
மாவு மில்லில் கேட்பாள்:
"முன்னால யாருங்க கோதுமை அரச்சது?"
"ஒரு படி அரிசி ஓட்டித் தொடச்சுட்டேன் அம்மிணி"
என்று சிரிப்பார் மில்லுக்காரர்.
அந்தச் சிரிப்பை நம்பாமல்
தவணையில் கல் மிஷின் வாங்கினோம்.

கல்யாணப் பந்தியில் வெறும் சோறு வாங்கிக்கொண்டு
கைப்பையிலிருந்து டப்பா எடுப்பாள்.
"என்ற கையால ஒரே ஒரு வாய் ஒப்புட்டு, கண்ணு.
ஒண்ணும் ஆவாது."
நீண்ட கை நீண்டபடியே நிற்கும்.
அந்த ஒரு வாய்க்கு மூணு நாள் வயிறு.
பிள்ளைக்கு வராத அத்தைகளுக்கெல்லாம்
இதற்குக் கோபம் வரும்.

சட்டையைக் கடையிலேயே அவிழ்த்து மாட்டிவிடுகிறேன்.
ஆடிக் காற்றுக்குக் கொடியில் போட்டால்
அது என்னை முந்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும்.
வாசல் குழாயில் குளியல்,
புருவம், காது மடல், நக இடுக்கு.
அதற்கப்புறம்தான் கதவு.
கண்ணபுரம் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி
என் மீசையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான்
முகம் கொடுக்கிறாள்.

வேறு வேலை பாருங்க என்று
இன்றுவரை சொல்லவில்லை.
சொன்னால் போயிருப்பேன்.
ஊரைச் சுற்றி அரிசி ஆலை, தேங்காய்க் களம்.
சொல்லாமல் இருக்கிறாள்.
அதைத்தான் எதில் போட்டுப் பிசைவதென்று தெரியவில்லை.

போன வாரம் வார லீவில்
புதுச் சட்டி, புதுக் கரண்டி, அரிசி மாவு.
பன் முயன்றேன்.
இழுத்தால் அறுந்தது. உருட்டினால் உதிர்ந்தது.
மாவுக்கு இழுவை இல்லை.
எனக்குச் சோறு போட்டதும் அந்த இழுவைதான்,
அவளைக் கோடாய்க் கிழித்ததும் அதுதான்.
இருபது வருஷ விரல்கள்
பள்ளிக்கூடத்து முதல் நாள் பிள்ளைகள் மாதிரி
சட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வெந்து வந்தது ஒரு செங்கல்.
அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஓரம் கருகலையே" என்றாள்.

மூடியைப் போட்டு
மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.