சொட்டு

கழற்றும்போது பில்டர் கை சுட்டது.
குவிந்த முதுகில் ஆணி வைத்து ஒரே அடி.
உள்ளே அடைபட்ட காற்று உஸ்ஸென்றது.
பால்மா டின்னில் கவிழ்த்து வைத்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து மரியநாயகம்:
"உந்த ஒயிலைக் கட்டைகளுக்குப் பூசும்,
கறையான் கிட்டவும் வராது."
வராதுதான்.
ஆனால் உப்புவெளி மணல்
எதையும் பிடித்து வைக்காது.
பன்னிரண்டு அடியில் என் கிணறு.
அவருடையது இன்னும் பள்ளத்தில்.
சொல்லவில்லை,
நிரம்பிய வாளியைத் தூக்கிக் காட்டினேன்.

இரவு மழை இருட்டியது.
எழும்பிப்போய் டின்னை மூடியது
மகளின் மழைக்கோட்டால்.
விடிய ஏச்சு.

சொட்டு.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு சொட்டு.

சீனக்குடாவில் காட்டுக்குள்
யானையை விழுங்கும் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில்
அரைப் போத்தல் கறுப்புக்கு
நான் காவல்.

மறுநாள் பின்னேரம்
பேப்பரில் சுற்றிய பில்டரும்
மூடி இறுக்கிய போத்தலுமாய்ச் சைக்கிளில்
அனுராதபுரச் சந்தி, நஸ்மியின் கராச்.
ஒயில் பீப்பாவுக்குள்,
பில்டர் பழைய இரும்புக் குவியலில்: டங்.

"இதுக்கா இவ்வளவு தூரம் உழக்கின நீங்க?"
சிரித்தபடி பிளேன்ரீ நீட்டினான்.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.
கறுப்புத்தான்.
வேறு கறுப்பு.