பத்துப் பத்தாய்

தானியக் கிடங்கின் லாரி எடைமேடைக்கு
மனிதர்களைத் தெரியாது.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
அது கணக்கில் எடுக்காது.
அதை இயக்குகிற என்னைக் கேட்டால்
அதன் நல்ல குணமே அதுதான்.

சஸ்காட்செவனில் அறுவடை முடிந்த அக்டோபர்.
கடைசி லாரியும் போன பிறகு
ஐந்து பேர் ஏறி நின்றோம்:
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரெஸ்ட்,
தபால் நிலைய டெல்ஃபீன்,
டிராக்டர் பழுதுபார்க்கும் லைல்,
கணவனைப் புதைத்து ஒரு கோடை கடந்த வெர்னா,
நான்.
சிவப்பு எழுத்தில் நானூற்றுத் தொண்ணூறு.
"இதில் என் பங்கு எவ்வளவு?" என்றான் ஓரெஸ்ட்.
அதைச் சொல்ல வீட்டில் ஒரு தராசு இருக்கிறது.
அதற்குப் பயந்துதானே இங்கே வந்தோம்.

பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை உணவு.
மீதிப் பதினாறு மணி நேரம்
தண்ணீர், கறுப்புக் காபி, தொலைபேசி.
லைலுக்குச் சர்க்கரை,
பட்டினி கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார்.
ஆனாலும் எங்களோடுதான் நிற்பேன் என்றான்.
காலை எட்டரைக்குக் கூப்பிடுவான்:
"என்ன சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன்."
சொல்லிவிடுவான்.

ஓரெஸ்ட் ஒருநாள் விடியற்காலை மூன்றுக்கு எழுப்பினான்.
பதினொரு பெரோகி.
நின்றுகொண்டே. விளக்குகூடப் போடாமல்.
டெல்ஃபீன் வைதிருக்கலாம்.
"வெங்காயம் வதக்கிப் போட்டாயா?" என்றுதான் கேட்டாள்.
இல்லையாம்.
"அப்படியானால் பாதிப் பாவம்தான், போய்த் தூங்கு."

பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
எங்கள் பத்து
நவம்பர் முழுக்க நகரவே இல்லை.
உடம்பு இறங்க இறங்கக் குளிர் ஏறியது,
கோட்டு ஏறியது, பூட்ஸ் கனத்தது.
மேடைப் பனியை வாரிக் கொட்டிவிட்டு நின்றோம்.
நானூற்றுத் தொண்ணூறு.
ஓரெஸ்ட்டின் இடுப்பு வாரில்
ஆணியால் குத்திய புது ஓட்டை.
பையைச் சுமந்துகொண்டு படியேறிய டெல்ஃபீன்
பாதியில் நிற்கவில்லை.
இதெல்லாம் லாரிகளின் தராசுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி இரண்டாம் வெள்ளி.
நானூறு.
அப்படியொரு இறக்கத்தை நாங்கள் கண்டதே இல்லை.
யாரும் கைதட்டவில்லை.
எனக்கும் டெல்ஃபீனுக்கும் நடுவே
வெர்னா நிற்கும் இடத்தை
விட்டுவிட்டே நின்றிருந்தோம்.

அவள் சமையலறையில் விளக்கு எரிந்தது.
மேசையெல்லாம் காலி டின்கள்,
மகள் அனுப்பிய கிறிஸ்துமஸ் பெட்டியின் ஜிகினாத் தாள்.
"பசி இல்லை," என்றாள்.
"பசியாயிருந்தால் தாங்கியிருப்பேன்.
ராத்திரி இந்த வீட்டில் சத்தமே இல்லை.
மென்றால் ஏதோ கேட்கிறது."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
லைல் அவளுடைய ஊமை ரேடியோவைப் பிரித்துப் போட்டான்.
சரியாகவில்லை.
ஓரெஸ்ட் சீட்டுக் கலைத்தான், ஏமாற்றினான், பிடிபட்டான்.
விடிந்து, வெளுத்து,
கடிகாரம் பன்னிரண்டுக்கு வந்தபோது
நான் முட்டை அவித்தேன்.
இரண்டு போதும் என்றாள்.
மூன்று தின்றாள்.
நாங்களும்தான்.

மார்ச்சில் ஐந்து பேரும் மறுபடி.
நானூற்று எழுபது.
நானூற்று அறுபது.
எழுபது.
காற்றில் எண் ஆடியது.
"மூச்சை அடக்குங்கள்," என்றான் ஓரெஸ்ட்.
அடக்கினோம், மூச்சுக்கும் எடை இருப்பதுபோல.
லைல் மெல்லக் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
பாதி சாண்ட்விச்சை எடுத்தான்.
நாலு பேரும் அவனைப் பார்த்தோம்.
"அக்டோபரிலிருந்தா?"
"தினம் வேறு வேறு," என்றான், சத்தியம் செய்கிறவனைப்போல.
பனிமேட்டில் வீசினான்.
அறுபது.

எங்கிருந்தோ ஒரு மேக்பை பறந்துவந்து
அதைக் கவ்விக்கொண்டு
மேடைமேலேயே உட்கார்ந்தது.

எழுபது.

வெர்னா சிரித்த சிரிப்பில்
எண் எங்கெங்கோ போய்வந்தது.
அன்றைய குறிப்பேட்டில்
நான் எதையும் எழுதவில்லை.