நான்காம் பாடவேளை

வியாழன் நான்காம் பாடவேளை
இன்னும் வெறுமையாய்க் கிடந்தது.
உயர்தரக் கணிதத்துக்கு நான் ஒருத்திதான்.
வகையீடா, புள்ளிவிபரமா என்று
அதிபர் கை தூக்கச் சொன்னார்.

புள்ளிவிபரத்துக்குத் தூக்கினேன்.
காரணம் ஒரு பிஸ்கட் டின்.
பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் பிள்ளைகள்
அம்மாமாரின் கொழுந்துத் துண்டுகளை
நாற்பத்தொரு நாள் அதில் சேர்த்தார்கள்.
ஈரத்துக்கென்று மடுவத்தில் கழித்தது
அடைமழையில் இரண்டு கிலோ,
உதடு வெடிக்கும் மாசி வெயிலிலும் இரண்டு கிலோ.
இடை இரண்டு. இடையம் இரண்டு.
நியம விலகல் பூச்சியம் என்று எழுதிய விதுர்ஷன்
பிழையோ என்று அழித்து
மறுபடி அதையே எழுதினான்.
பிழையில்லையடா.
தண்ணீருக்கு இத்தனை ஒழுங்கு கிடையாது.

புவனேந்திரன் சேர் கை தூக்கவில்லை.
"பொறியியல் பீடத்துக் கதவுக்கு
வகையீடுதான் சாவி, டீச்சர்.
டவுன் பள்ளிக்கூடத்தில் யாரும்
இப்படி வாக்கெடுப்பு நடத்துவதில்லை.
தோட்டத்துப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் போதும் என்று
முன்னமும் ஒருத்தன் முடிவு செய்தான்,
குதிரையில் வந்து."
எனக்குச் சுருக்கென்றது.
கையை இறக்கவில்லை.

பிறகு ஐப்பசி.
மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது.
தேவமலர் இரண்டு குச்சி நட்டு
அடிமட்டத்தால் அளந்து வந்தாள்:
மூன்று மில்லிமீற்றர். நான்கு. ஆறு. பத்து.
"சராசரி நாளுக்கு இரண்டு சொச்சம்,
நகக்கண் அளவு" என்றார் பார்க்க வந்தவர்.
"கூடுறது மட்டுமில்ல சேர்,
கூடுற வேகமும் கூடுது."

அதற்கு இரண்டாம் பெறுதி என்று பெயர்.
அவளுக்கு அது தெரியாது.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள்.
அன்றிரவு பத்தொன்பது குடும்பம்
சட்டி பானை, இரண்டு கோழி, ஒரு சாமிப்படத்தோடு
பள்ளி மண்டபத்துக்கு வந்தது.
விடியப்புறம் மூன்று மணிக்கு
மலை ஒருமுறை இருமியது.

டோர்ச் வெளிச்சத்தில் தலை எண்ணினேன்.
எழுபத்து மூன்று.
புவனேந்திரன் சேர் மறுமுனையிலிருந்து எண்ணி வந்தார்.
அவருக்கும் எழுபத்து மூன்று.
வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.
பருப்பு போதுமா என்றார்.
போதாது என்றேன்.

நேரசூசிப் பலகைமேல் யாரோ
குழந்தைச் சட்டையொன்றைக் காயப்போட்டிருக்கிறார்கள்,
வியாழனை மறைத்து.