முப்பத்தெட்டு கிலோ

கிலோ நாற்பத்தைந்து என்று
வியாசர்பாடிக் காயலான்கடையில்
நிறுத்துக் கொடுத்தார் நயினா முகமது.
ரயில்வே ஆபீசர் பங்களாவில்
புல் வெட்டிய மிஷினாம்.
எங்களுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

மண்ணெண்ணெயில் ஊறியது எட்டு நாள்.
பல்சக்கர மூடியைத் திறந்தால்
கிரீஸில் புதைந்து ஒரு புல்தாள்,
பீடித்தூள் நிறத்தில்.
துடைக்க மனசில்லை.
தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

வால்வு தேய்க்கும் பசை தடவி
உருளையைப் பின்னோக்கிச் சுற்றினேன்
ஷிப்ட் முடிந்த ராத்திரிகளில்.
கீழ்வீட்டுக்காரர்
துடைப்பக்கட்டையால் தட்டுவார்.

கரண்ட் பில்லைக் கொடுத்துப் பார்த்தேன்.
இடப்பக்கம் வெட்டியது,
வலப்பக்கம் மடித்துத் துப்பியது.
திருகாணி கால் சுற்று.
இன்னும் அரைக்கால்.
பில் இரண்டானது,
கட்டவேண்டிய தொகை மட்டும் முழுசாக.

"இங்க புல்லு எங்க கீது?"
என்றாள் தேசம்மா.
நியாயம்தான்.
எங்கள் பக்கம் புல்லை
பூக்கடையில் பிள்ளையாருக்கென்று
பத்து ரூபாய்க் கட்டாக விற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை
இரண்டு கட்டு அருகம்புல் வாங்கிவந்து
மொட்டைமாடியில், ஈரச்சாக்கில்
நட்டதுபோல் செருகினாள்.
"தள்ளு."

சரக்.
பக்கத்து மாடிப் புறாக்கள்
மொத்தமாக எழும்பின.

இரண்டாவது கட்டு
பிள்ளையாருக்கு என்றுதான் நினைத்தேன்.
புடவையைச் செருகிக்கொண்டு
"நவுரு" என்றாள்.