தொள்ளாயிரம்

காலை ஆறு மணிக்கு நாங்கள் நிற்கிற முனைக்குப் பேர் கிடையாது.
வேளச்சேரியில், பறக்கும் ரயில் தூணுக்குக் கீழே,
மூடியே கிடக்கும் செருப்புக்கடைக்கு முன்னால்.
தூக்குவாளி, மாற்றிக்கொள்ள ஒரு பழஞ்சட்டை,
சும்மாட்டுக்குச் சுருட்டிய துண்டு.
பெண்கள் இந்தப் பக்கம்.
ஒடிசாக்காரப் பையன்கள் அந்தப் பக்கம்.
நடுவில் ஒரு மின்பெட்டி, அதன் மேல் யாரோ வைத்துப்போன சாமி படம்.

மேஸ்திரி ஏகாம்பரம் வண்டியை அணைக்காமலே கேட்பார்:
"எவ்ளோ?"
எழுநூறு என்பேன் நான்.
அந்தப் பக்கம் வாயே திறக்காது.
பீமசேன் ஒரு கையில் ஐந்து விரலையும் விரிப்பான்,
மறு கையில் ஒரு விரலைப் பாதி மடித்துக் காட்டுவான்.
ஐந்நூற்றைம்பது.
எனக்கும் அவனுக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

போன ஆடியில் இருபத்தாறு நாள் வேலை.
இந்த ஆடியில் பதினொன்று.
ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.
டீக்கடை குஞ்ஞப்பன் இரண்டாவது பாய்லர் வாங்கிவிட்டார்,
எல்லாம் அவர்கள் குடிக்கிற டீ.
வீட்டுக்காரம்மா மொட்டைமாடித் தகரக்கொட்டகையில்
எட்டுப் பேரை அடைத்து, தலைக்கு ஆயிரத்து இருநூறு வாங்குகிறார்.
அதைப் பார்த்து என் வாடகையும் ஏறியது.
இவர்களால் நல்லதா கெட்டதா என்று
பேப்பர் படிக்கிறவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.
எனக்கு அந்த வரி கிடைக்கவில்லை.

பள்ளிக்கரணை சைட்டில் செம்புக் கம்பிச் சுருள் நாற்பது
ராத்திரியோடு ராத்திரியாகக் காணோம்.
விடிந்ததும் முனைக்கு வேன் வந்தது.
இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அந்தப் பக்கம் நின்ற பதினாலு பேரையும் ஏற்றினார்கள்,
ஆதாரை நீட்டியவனையும் சேர்த்து.
சந்தேகத்தின் பேரில் என்றார் ஏட்டு.
சந்தேகத்துக்குப் பதினாலு பேர், அத்தனையும் தப்பும் தவறுமாக எழுதப்பட்டது.
பீமசேன் தூக்குவாளியை என் காலடியில் வைத்துவிட்டு ஏறினான்.

முந்தின நாள் சாயங்காலம்
சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் புடவை மாற்றும்போது பார்த்தேன்.
ஏகாம்பரத்தின் மச்சான் தணிகாசலம்
ஆட்டோவில் சுருள் சுருளாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
அவனும் என்னைப் பார்த்தான்.

வேன் போனபின் எதிர்ப்பக்கம் காலி.
அன்றைக்கு ஐந்தாம் தளத்துக்குக் கான்கிரீட். லாரி கிளம்பிவிட்டது.
ஏகாம்பரம் முதல்தடவையாக வண்டியை அணைத்தார்.
"எவ்ளோ?"
"தொள்ளாயிரம்."
சரி என்று தலையாட்டினார்.
ஆள் இல்லாததற்கா, நான் பார்த்ததற்கா,
அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பாண்டு பாண்டாக ஏறினேன்.
எர்ணாகுளத்தில் பதினாலு வயதில் இப்படித்தான் கல் சுமந்தேன்.
அங்கே எனக்குப் பேர் பாண்டி.
அக்கம்பக்கத்தில் வளையல் தொலைந்த ராத்திரி
எங்கள் கூடாரத்தைப் பிரித்து, அம்மாவின் பானையைக் கவிழ்த்தார்கள்.
அரிசிதான் கொட்டியது.
இது நினைவுக்கு வந்தது மூன்றாம் மாடியில்.
இறங்கும்போது தொள்ளாயிரத்தில்
காஸுக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பதிமூன்று பேர் வந்தார்கள். கேஸ் இல்லையாம்.
ஒருவன் ஸ்டேஷனிலிருந்து நேராக சென்ட்ரல் போய்விட்டானாம்.
தூக்குவாளியைக் கழுவி வைத்திருந்தேன்.
பீமசேன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்,
அவன் பாஷையில். நன்றியாகத்தான் இருக்கும்.
அதுதான் தாங்கவில்லை.

ஏகாம்பரம் வந்தார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.
"எவ்ளோ?"
பீமசேன் ஐந்து விரலை விரித்தான்.
மறு கை வீங்கியிருந்தது. விரல் மடங்கவில்லை.
ஐந்நூறா, என்றார் ஏகாம்பரம்.

"அம்பது" என்று கத்தினேன் இந்தப் பக்கத்திலிருந்து.
"அம்பது, அம்பது சேத்து."

திரும்பி என்னைப் பார்த்தார்.
அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.