கடக்க மட்டும்

ஆடி பதினேழு. பணகுடிக்கு மேற்கே
இருபத்தாறு காற்றாலையும் வெறி பிடித்துச் சுற்றுகின்றன.
எண்ணத்தான் ஆளில்லை.
எண்ணுகிற மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும்.
பழைய விண்டோஸ், லினக்ஸுக்குள்
ஒரு மெய்நிகர் பெட்டியில் ஓடும்.
பெட்டி காலையிலிருந்து ஒரே பதில் சொல்கிறது:
அனுமதி மறுக்கப்பட்டது.

எஞ்சினியர் அருமைநாயகம் போனில்,
காற்று தின்றது போக மிச்சம்:
"ரூட்டா போயி எல்லாத்துக்கும் ஏழு ஏழு ஏழு போட்டு
தொறந்து விட்டுரலாம்லா, எசக்கி?"
விடலாம்.
கதவைக் கழற்றி வெயிலில் போட்டாலும்
வீட்டுக்குள் போகலாம்தான்.

முதலில் பேரைப் பார்த்தேன்.
வட்டுக் கோப்பு, எண்பது ஜிபி, உரிமையாளர் ரூட்.
நேற்று ராத்திரி அப்டேட்டுக்கு முன்னால்
பெட்டியை ஓட்டியதும் ரூட்தான்;
ரூட்டுக்கு எந்தக் கதவும் கதவில்லை.
இப்போது ஓட்டுவது கியூஎமு என்றொரு பயனர்.
அவனுக்கு வீடு இல்லை, கடவுச்சொல் இல்லை,
உள்ளே வந்து உட்கார வழியில்லை,
வேலை மட்டும் உண்டு.

கோப்பை அவன் பேருக்கு மாற்றினேன்.
ராதாபுரம் தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற
என் சித்தி பதினோரு தடவை பஸ் ஏறினாள்.
இங்கே ஒரு வரி. மாறியாச்சு.
மறுபடி ஓட்டினேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.

டீயில் மண் விழுந்திருந்தது. குடித்தேன்.

பிறகுதான் தோன்றியது,
கோப்பைப் பார்த்துப் பிரயோசனமில்லை,
கோப்பு வரைக்கும் போகிற வழியைப் பார்க்கணும் என்று.
படிப்படியாகப் பிரித்துக் காட்ட ஒரு கட்டளை உண்டு.
வேர்: திறந்திருக்கிறது.
ஹோம்: திறந்திருக்கிறது.
கிறிஸ்துதாஸ்:
அங்கேதான் நிற்கிறான் கியூஎமு.

கிறிஸ்துதாஸ் தோஹா போய் எட்டு மாதம்.
பெட்டியைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்து,
வீட்டை ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
படிக்க ஓர் எழுத்து, எழுத ஓர் எழுத்து.
மூன்றாவது, கோப்பில் இருந்தால் இயக்கலாம்,
கோப்புறையில் இருந்தால் கடந்து போகலாம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாம்,
எதையும் தொட வேண்டாம்.
தெரு வழியே போனால் போதும்.

எங்க அய்யா தபால்காரர்.
காக்கிச் சட்டையில் மேலத்தெருவுக்குள்
சைக்கிளில் ஏறியே போவார், மணியடித்துக்கூட.
ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில்
அதே சைக்கிளை இறங்கி உருட்டினார்.
கேரியரில் நான். ஆறு வயது.
சங்கிலி கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.

ஏழு ஏழு ஏழு போடவில்லை.
கிறிஸ்துதாஸ் வீட்டில் அவன் சம்பளச் சீட்டு இருக்கும்,
மகளின் ஞானஸ்நானப் படம் இருக்கும்.
கியூஎமு என்ற ஒரு பேருக்கு,
அந்த ஒரு கோப்புறையில்,
கடக்க மட்டும்.
என்டர்.

அனுமதி வரியின் வாலில்
ஒரு சின்னக் கூட்டல் குறி முளைத்தது.
யாருக்கோ விலக்கு உண்டு என்று அர்த்தம்.
யாருக்கென்று அது சொல்லாது.

பெட்டி எழுந்தது.
பழைய விண்டோஸ் தன் பழைய நீலத்தைக் காட்டி
பதினாலாம் காற்றாலையை எண்ணத் தொடங்கியது:
நொடிக்குப் பதினோரு மீட்டர்.
"தொறந்துட்டியா?" என்றார் அருமைநாயகம்.
"இல்ல சார். ஒருத்தன் போக வழி விட்டிருக்கேன்."
"அது போதும்லா?"

போதும்தான்.
புரட்டாசி கழிந்து காற்று விழட்டும்.
ஒரு ராத்திரி பெட்டியை அணைத்து
எண்பது ஜிபியையும் பொது இடத்துக்கு மாற்றிவிடலாம்,
யார் வீட்டையும் யாரும் கடக்க வேண்டாத இடத்துக்கு.
நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும்.
நோட்டில் தேதி போட்டு எழுதி,
அடியில் கோடு இழுத்தேன். காற்றில்
பேனா கோணியது.